ஃபேபுஸின் நாய்கள்

பிரனீஸ் மலையடிவாரத்தை ஆண்ட ஃபுவா பிரபு காஸ்தோன் ஃபேபுஸ் 1387 மே மாதத்தில் வேட்டை பற்றி ஒரு நூல் எழுதத் தொடங்கினான். மானும் கரடியும் வரும் பகுதிகளைவிட, நாய்களின் நோய்களைச் சொல்லும் அத்தியாயமே இன்று படிக்கத் தக்கது என்பேன். சொறிக்கும் கண்நோய்க்கும் தேய்ந்த பாதத்துக்கும் பக்குவம் சொல்கிறான். பாரிஸ் தேசிய நூலகத்திலுள்ள பிரதியின் ஓவியத்தில் ஒருவன் நாயின் வாயைத் திறந்து பார்க்கிறான். இன்னொருவன் பாதம் கழுவுகிறான்.

வெறிநோய்க்கு வந்ததும் தொனி மாறிவிடுகிறது. ஒன்பது வகை வெறி என்று கணக்கிடுகிறான். கடும்வெறி கண்ட நாய் ஒன்பது நாள் தாண்டாது, மருந்தில்லை. கடிபட்டவரைக் கடலுக்குக் கொண்டுபோய் ஒன்பது அலை மேலே புரள விடும் வழக்கத்தையும் சொல்லி, அதனால் பெரிய பயனில்லை என்று முடித்துவிடுகிறான். மற்ற நாய்களைப் பிரித்துவைப்பது ஒன்றுதான் மிச்சம். பாஸ்டரின் தடுப்பூசி 1885இல் வந்தது, அதுவும் கடிபட்டவருக்குத்தான். நோய் முற்றிய நாய்க்கு இன்றும் மருந்து கிடையாது.

இவனைப் பார்க்க 1388இல் ஓர்த்தெஸ் போன வரலாற்றாசிரியர் ஃப்ருவாஸார் நான்கு வேட்டைநாய்களைப் பரிசாகக் கொண்டுபோனார்: த்ரிஸ்தான், ஹெக்டர், ப்ரன், ரோலான். இன்னொன்றையும் அவரே சொல்கிறார். 1380இல் மகனின் உடைக்குள் ஒரு பொடி அகப்பட்டது. விஷமா என்றறிய, பிரபு அதை ரொட்டியில் தூவி ஒரு வேட்டைநாய்க்குப் போட்டான். நாய் அங்கேயே செத்தது. மகன் சிறையில், தகப்பன் கைக்கத்தி பட்டு இறந்தான். அந்த நாயின் பெயரை ஃப்ருவாஸார் தரவில்லை. வெறியின் ஒன்பது வகைகளைப் பிரபு எண்ணி எழுதியது இதற்கெல்லாம் பிறகு.