சேதியும் வெயிலும் காத்த ஊர்கள்



திருநின்றவூர் பக்கம் ஏரித் தண்ணீரை நம்பிப் பயிர் வைத்தவர்களுக்கு ஒன்று நன்றாகத் தெரியும். தண்ணீர் வருகிற சேதி முன்னாடியே கிடைத்தால் வரவு; பிந்திக் கிடைத்தால் நட்டம். 2015 டிசம்பர் வெள்ளத்தை மறந்திருக்க மாட்டீர்கள். மறு வருஷம் டிசம்பர் 12-ஆம் தேதி வர்தா புயல். கம்பங்கள் சாய்ந்து பல இடங்களில் நாள்கணக்கில் கரண்டு இல்லை. சேதி மிகவும் வேண்டிய நேரத்தில்தான் சேதி சொல்லும் கருவிகள் ஓய்ந்து போகின்றன. இதற்கு என்ன வழி? புதுச்சேரிப் பக்கத்துக் கிராமங்கள் கண்ட வழியைச் சொல்கிறேன், கேளுங்கள்.

1998-ஆம் வருஷம். விவசாய விஞ்ஞானி டாக்டர் எம்.எஸ். சுவாமிநாதன் அவர்களின் ஆராய்ச்சி நிறுவனம், கனடா நாட்டு உதவியோடு, வில்லியனூரை மையமாக வைத்து ஒரு வேலையைத் தொடங்கியது. எடுத்த எடுப்பில் கம்ப்யூட்டரைக் கொண்டுவந்து இறக்கவில்லை. உங்களுக்கு என்ன சேதி வேண்டும் என்று மக்களிடம் கேட்டார்கள். நெல் என்ன விலை, பயிரில் பூச்சி விழுந்தால் என்ன செய்வது, சர்க்கார் திட்டம் யாருக்கு உண்டு, இப்படி வந்தன கேள்விகள். விவரங்களைத் தமிழில் தொகுத்து ஊர்களுக்கு அனுப்பினார்கள். டெலிபோன் சரியாக இல்லாத ஊர்களுக்கு, போலீசார் பேசுவது போன்ற ரேடியோக் கருவி வழியாகப் போயிற்று.

கரண்டு அடிக்கடி போகுமே? அதற்குச் சோலார் தகடு, கூடவே பாட்டரி. பகல் வெயில் பாட்டரியை நிரப்பும். கரண்டு போனாலும் வேலை நிற்காது.

இதற்கு ஊரார் ஒப்புக்கொண்ட நிபந்தனைகள் முக்கியம். இடம் ஊர் கொடுக்க வேண்டும். நடத்துகிறவர்கள் ஊர்க்காரர்களாக இருக்க வேண்டும். சாதி பாராமல் எல்லோரும் உள்ளே வரலாம். எம்பலம் கிராமத்தில் கோயிலைச் சேர்ந்த இடத்திலேயே மையம் அமைந்தது, பெண்களே நடத்தினார்கள்.

வீராம்பட்டினம் மீனவர் ஊர். அமெரிக்கக் கடற்படை வெளியிடும் அலை உயரக் கணக்கை இன்டர்நெட்டில் எடுத்து, தினமும் ஒலிபெருக்கியில் சொன்னார்கள். கடலுக்குப் போகலாமா வேண்டாமா என்பதைக் கணக்குப் பார்த்து முடிவு செய்தார்கள்.

பக்கத்தில் நல்லவாடு என்று இன்னொரு மீனவர் ஊர். 2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை காலை. சிங்கப்பூரில் வேலை பார்த்த ஊர்ப் பையன் சுனாமி சேதி கேட்டு வீட்டுக்குப் போன் செய்தார். மையம் பூட்டிக் கிடந்தது. ஊரார் கதவை உடைத்து, ஒலிபெருக்கியில் எல்லோரையும் ஓடச் சொன்னார்கள். வீடுகளும் படகுகளும் சேதமாயின. சுமார் 3,600 பேரும் பிழைத்தார்கள். யோசித்துப் பாருங்கள். ஒலிபெருக்கி இல்லாவிட்டால் அந்தச் சேதி எத்தனை வீட்டுக்குப் போயிருக்கும்?

'வெள்ளம் வருமுன் அணை போடு' என்பார்கள். நாமும் மழைக்கு முன்பே செய்யக்கூடியது உண்டு. ஏரி மதகருகே அடிக்கணக்கு எழுதிய அளவுக்கல் நடுங்கள். ஒரு மழைமானி வைத்து, தினம் காலை எட்டரை மணிக்குப் பார்த்து நோட்டில் எழுதுங்கள். ஒரு மில்லிமீட்டர் மழை என்றால் ஏக்கருக்குச் சுமார் 4,000 லிட்டர் தண்ணீர்! நாலைந்து வருஷம் எழுதினால், எத்தனை மழைக்கு ஏரி எவ்வளவு ஏறும், கலங்கல் எப்போது வழியும் என்பதை நோட்டே சொல்லும். ஊர் ஒலிபெருக்கிக்கு ஒரு சோலார் தகடும் பாட்டரியும் வையுங்கள். மழைநாளில் வெயில் குறையும். ஆகவே பாட்டரி எப்போதும் நிரம்பியே இருக்கட்டும். சாவி இரண்டு பேரிடம் இருக்கட்டும். நல்லவாடு சொல்லும் பாடம் அதுவும்தான்.