நாற்காலியும் குடியிருப்பும்: சென்னை நடுநகர வட்டங்களின் கதை



சென்னை மாநகராட்சியின் வரலாற்றைப் பேசும்போது மேயர் நாற்காலியைப் பற்றித்தான் அதிகம் பேசுகிறோம். 1937இல் ஜெ. சிவசண்முகம் பிள்ளையும் 1945இல் என். சிவராஜும் அதில் அமர்ந்தார்கள். அது நமக்குப் பெருமைதான். ஆனால் அன்று சொத்தும் வரியும் பார்த்தே ஓட்டு கொடுத்தார்கள். ரிப்பன் மாளிகையில் நம்மவர் தலைமை வகித்தார். கூவம் கரைக் குடிசைகளில் பெரும்பாலோருக்கு ஓட்டு இல்லை.

விடுதலைக்குப் பிறகு வயது வந்த எல்லோருக்கும் ஓட்டு கிடைத்தது. சாக்கடை அடைத்தாலும் குழாயில் தண்ணீர் வராவிட்டாலும் வட்டக் கவுன்சிலர் வீட்டு வாசலில் போய் நிற்கும் உரிமை ஏழைக்கு வந்தது. அதுவும் நீடிக்கவில்லை. 1973இல் மாமன்றம் கலைக்கப்பட்டது. அடுத்த தேர்தல் 1996இல்தான். இருபத்து மூன்று ஆண்டுகள் அதிகாரிகளின் ஆட்சி.

74ஆவது அரசியல் சட்டத் திருத்தம் நகர உள்ளாட்சிகளில் பட்டியல் சாதியினருக்கு மக்கள்தொகை விகிதப்படி இடங்களை ஒதுக்கியது. இங்கே ஒன்றைக் கவனியுங்கள். ஓட்டு மனிதருக்கு உரியது என்றாலும், அது குடியிருக்கும் முகவரியில்தான் பதிவாகிறது. ஒதுக்கீட்டின் கணக்கும் அந்த ஊரில் எத்தனை பேர் வாழ்கிறார்கள் என்பதை வைத்துத்தான். ஆளை அப்புறப்படுத்தினால் ஓட்டும் போகும், கணக்கும் குறையும்.

நடந்தது அதுதான். 2000ஆம் ஆண்டு முதல் நடுநகரக் குடிசைவாசிகளைக் கண்ணகி நகருக்குக் கொண்டுபோனார்கள். அப்போது அது மாநகராட்சிக்கு வெளியே, ஒக்கியம் துரைப்பாக்கம் ஊராட்சியில் இருந்தது. 2011 விரிவாக்கத்தில்தான் மாநகராட்சிக்குள் வந்தது. பின்னர் பெரும்பாக்கம். அதுவும் ஊராட்சிதான். தீவுத்திடலுக்கு அருகே, நம் தலைவர் சத்தியவாணி முத்துவின் பெயரைத் தாங்கிய நகரை 2019 இறுதியில் இடிக்கத் தொடங்கியபோது, அம்மக்களை அங்கேதான் அனுப்பினார்கள். தலைமுறைகளாக மாநகராட்சி வாக்காளர்களாக இருந்தவர்கள் ஒரு லாரிப் பயணத்தில் ஊராட்சி வாக்காளர்கள் ஆனார்கள்.

அன்று தடுத்துக் கேட்க ஒரு கவுன்சிலரும் இல்லை. 2016இல் மாமன்றத்தின் காலம் முடிந்தது. அடுத்த மாமன்றம் 2022இல்தான் கூடியது. அந்த ஆண்டு மேயர் பதவி பட்டியல் சாதிப் பெண்ணுக்கு ஒதுக்கப்பட்டு, ஆர். பிரியா முதல் தலித் பெண் மேயரானார். மகிழ்ந்தோம். ஆனால் அவரைத் தேர்ந்தெடுத்த மாமன்றத்துக்கு ஓட்டுப் போடும் உரிமை பெரும்பாக்கத்துக்கு அனுப்பப்பட்டவர்களுக்கு இல்லை.

1937இல் நகரத்தில் குடியிருப்பு இருந்தது, ஓட்டு இல்லை. இன்று ஓட்டு இருக்கிறது, நகரத்தில் குடியிருப்பு இல்லை. ஆகவே நம் கோரிக்கை நாற்காலியோடு முடியக் கூடாது. தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றம் இல்லாத காலத்தில் எந்தக் குடியிருப்பையும் அகற்றக் கூடாது. மாற்று வீடு அதே வட்டத்தில் தரப்பட வேண்டும். வட்டத்தில் வாழ்கிறவருக்கே வட்டத்தின் அரசியல்.