சுவரிலிருந்து வந்த வயர்

1988 மார்கழியில் நோர்வேயின் வடகோடியிலுள்ள பின்மார்க்கில் ஒரு மீன் ஆலைக்கு வேலைக்குப் போய்ச் சேர்ந்தேன். அங்கே பொழுதே விடியாத மாதம் அது. பக்கத்து வீட்டு வாசலில் ஒரு வொல்வோ கார் நின்றது. அதன் முன்பக்கக் கம்பிகளுக்குள்ளிருந்து கறுப்பு வயர் ஒன்று வெளியே வந்து, வீட்டுச் சுவரிலிருந்த பிளக் பொயின்றில் முடிந்தது.

"இது கறண்டில் ஓடுகிற காரோ?" என்று ஆலை மேற்பார்வையாளரிடம் கேட்டேன். அவர் சிரிக்கவில்லை. எஞ்சினைச் சுற்றி ஓடும் தண்ணீரைச் சூடாக்க உள்ளே ஒரு ஹீற்றர் இருக்கிறது, விடியப்புறம் இரண்டு மணித்தியாலம் போட்டால்தான் கார் எழும்பும் என்று கைச்சைகையோடு விளங்கப்படுத்தினார். நான் நொஷ்க் மொழியில் படித்த முதற் சொற்களில் ஒன்று 'மோட்டோர்வார்மர்'.

நோர்வேயில் மின்சாரக் கார் வந்த கதையைச் சொல்பவர்கள் அ-ஹா இசைக்குழுவில்தான் தொடங்குவார்கள். 1989 இல் அக்குழுவின் மோர்டன் ஹார்கெட்டும் மாக்னே ஃபுருஹோல்மனும், பெலோனா என்ற சூழல் அமைப்பின் ஃபிரெடெரிக் ஹவ்கேயும் சேர்ந்து, மின்சாரத்துக்கு மாற்றிய ஒரு ஃபியட் பாண்டாவைச் சுவிற்சர்லாந்திலிருந்து கொண்டுவந்தார்கள். வீதிச் சுங்கம் கட்ட மறுத்தார்கள். கார் பறிமுதலாகி ஏலத்துக்குப் போனது. அவர்களே அதைத் திரும்ப வாங்கினார்கள். பிறகு சலுகைகள் ஒவ்வொன்றாக வந்தன: 1990 இல் கொள்வனவு வரி விலக்கு, 1997 இல் சுங்க விலக்கு, 2001 இல் பெறுமதி சேர் வரி விலக்கு. எல்லாம் உண்மைதான். ஆனால் எனக்கு அந்த வொல்வோவின் வயர்தான் நினைவுக்கு வரும். இரவில் காரைச் சுவரோடு இணைத்துவிட்டுப் படுக்கும் பழக்கம் இந்தச் சனத்துக்குச் சலுகைகளுக்கு முன்பே இருந்தது. கறண்டும் தாராளம், பெரும்பகுதி நீர்வீழ்ச்சியிலிருந்து வருவது. வீடுகளைக்கூடக் கறண்டால்தான் சூடாக்குகிறார்கள்.

ஒஸ்லோவுக்குக் கிழக்கே அவுர்ஸ்கூக்கில் செய்த 'திங்க்' என்ற சின்னக் காரை இப்போது பலர் மறந்துவிட்டார்கள். அதைச் செய்த நிறுவனத்தின் மாதிரிக் கார்கள் 1994 இலேயே லில்லஹாமர் குளிர்கால ஒலிம்பிக்கில் ஓடின. 2008 க்குப் பிறகு வந்த திங்க் கார்கள் பலவற்றில் சோடியம் பற்றறி இருந்தது. அதைப் பற்றிக் கொஞ்சம் நிறுத்திச் சொல்ல வேண்டும். அந்தப் பற்றறி வேலை செய்ய உள்ளே ஏறக்குறைய 270 பாகை சூடு வேண்டும். உருகிய சோடியமும் உருகிய உப்பும்தான் அதன் உயிர். தேர்மஸ் குடுவைபோல மூடிய பெட்டிக்குள் இருப்பதால் வெளியே 25 பாகை உறைகுளிரென்றாலும் அதற்குக் கவலையில்லை. ஆனால் வயரைக் கழற்றி நாட்கணக்கில் விட்டால் தன் சூட்டைக் காக்கவே தன் சார்ஜைத் தின்று, கடைசியில் உறைந்துவிடும். மறுபடி உருக்கி எடுக்க ஒரு நாளோ அதற்கு மேலோ ஆகும். என் நண்பர் ஒருவர் அந்தக் கார் வைத்திருந்தார். ஊருக்குப் போனாலும் வயரைக் கழற்றமாட்டார். அடுப்பில் தணல் மூடி வைத்த எங்கள் அம்மாமாருக்கு அந்தக் காரை ஒரே சொல்லில் விளங்கப்படுத்தியிருக்கலாம்.

2011 இல் திங்க் நிறுவனம் முறிந்தது. அதே ஆண்டு நிசான் லீஃப் வந்தது. அடுத்த ஆண்டு நானும் ஒன்று வாங்கினேன். லித்தியம் பற்றறிக்குக் குளிரில் வேறு குணம். உறைநிலைக்குக் கீழே வேகமாகச் சார்ஜ் ஏற்றினால் லித்தியம் கிராஃபைற்றுக்குள் போகாமல் மேலேயே உலோகமாகப் படிந்துவிடும். பிறகு பற்றறி தேறாது. அதனால் கார் தானே ஏற்றத்தைக் குறைத்துக்கொள்ளும். இதை முதற் குளிர்காலத்தில் விரைவுச் சார்ஜரடியில் நின்று நடுங்கித்தான் படித்தேன். பிறகு, ஓடி வந்து பற்றறி சூடாக இருக்கும்போதே வயரைக் கொழுவப் பழகினேன். புறப்படுமுன் காரின் உட்புறத்தைச் சூடாக்குவதும் வயர் கொழுவியபடியேதான். அப்போது பற்றறியின் சார்ஜ் பயணத்துக்கு மிஞ்சும்.

பழைய பழக்கம் ஓரிடத்தில் என்னை ஏமாற்றியது. எங்கள் கராஜ் சுவரில் முன்பு மோட்டோர்வார்மருக்குப் போட்ட பிளக் பொயின்ற் இருந்தது. அதிலேயே லீஃபைக் கொழுவினேன். மோட்டோர்வார்மர் இழுப்பது ஏறக்குறைய 500 வாற், அதுவும் இரண்டு மணித்தியாலம். காரோ 10 அம்பியரில் 2,300 வாற் இழுக்கும். 24 கிலோவாற் மணிப் பற்றறி நிரம்ப இரவு முழுக்க வேண்டும். தை மாதம் ஒருநாள் பிளக்கைக் கழற்றியபோது அதன் முகம் பழுப்பேறிக் கருகியிருந்தது. மரவீடு. உள்ளே பிள்ளைகள் நித்திரை. அந்த வாரமே மின்வேலைக்காரரைக் கூப்பிட்டுத் தனி வயர் இழுத்துச் சார்ஜர் பெட்டி பூட்டினேன். சாதாரணப் பிளக்கில் வழமையாகச் சார்ஜ் ஏற்றவேண்டாம் என்று இந்த நாட்டுப் பாதுகாப்புத் துறையும் சொல்கிறது.

2024 இல் இங்கே விற்ற புதுக் கார்களில் பத்துக்கு ஒன்பது, கிட்டத்தட்ட, மின்சாரக் கார்கள். மகளிடமும் ஒன்று இருக்கிறது. காலை ஆறரைக்கு வேலைக்குப் புறப்படுவாள். ஆறு மணிக்கு அவளுடைய கைபேசியே காருக்குச் சூடு போட்டுவிடும். ஆனாலும் படுக்கப் போகுமுன் நான் ஒருமுறை வெளியே போவேன். மூடியைச் சுற்றிய பனியைத் தட்டிவிட்டு, கையுறையைக் கழற்றி, பிளக்கைத் தொட்டுப் பார்ப்பேன். அது குளிர்ந்திருக்க வேண்டும்.