கல்கியின் கதையும் வெள்ளித்திரையும்



"படம் பார்த்தாச்சு, இனிமே புத்தகம் எதுக்கு?" பிரிக்பீல்ட்ஸ் ஆனாலும் கிள்ளான் ஆனாலும் நம் பிள்ளைகள் இப்படித்தான் கேட்கிறார்கள். இதற்கு விடை வரலாற்றிலேயே இருக்கிறது.

தமிழ் நாவலும் தமிழ்ப் படமும் பழைய உறவினர். 1939-ஆம் ஆண்டு கே. சுப்பிரமணியம் 'தியாகபூமி'யைப் படமாக்கியபோது, அதே கதையைக் கல்கி ஆனந்த விகடனில் தொடராக எழுதி வந்தார். சித்திரங்களுக்குப் பதில் படத்தின் புகைப்படங்களே கதையோடு அச்சாயின. அடுத்த ஆண்டு வெள்ளைக்கார அரசாங்கம் அந்தப் படத்துக்குத் தடை போட்டது. கதையைப் படிக்க எழுத்து தெரிய வேண்டும். படமோ எழுத்தறியாதவரையும் எட்டிவிடும். திரையின் வலிமை அது.

ஆனால் திரைக்கு ஓர் எல்லையும் உண்டு. 1950 முதல் 1954 வரை வாரந்தோறும் வந்து, ஐந்து பாகமாக விரிந்தது 'பொன்னியின் செல்வன்'. 1958-இல் உரிமை வாங்கிய எம்.ஜி.ஆராலும் அதைப் படமாக்க முடியவில்லை. மணிரத்னம் 2022, 2023-இல் இரண்டு படங்களாகத் தந்தார். மூன்றரை ஆண்டுக் கதையை ஐந்தரை மணி நேரத்தில் சொல்ல வேண்டுமென்றால் எதையாவது விட்டுத்தானே ஆக வேண்டும்?

எதை விட்டார்கள் என்று பாருங்கள். நாவல் ஆடிப்பெருக்கு நாளில் வீரநாராயண ஏரிக்கரையில் தொடங்குகிறது. படம் போர்க்களத்தில் தொடங்குகிறது. நாவலில் இறுதியில் முடிசூடுபவன், பூத்தொடுத்து வாழ்ந்த சேந்தன் அமுதன். அவனே உண்மையான மதுராந்தகன். படத்தில் அந்தத் திருப்பம் இல்லை. வந்தியத்தேவனை உயிராக நேசித்த மணிமேகலையும் இல்லை. படத்தை மட்டும் பார்த்தவருக்கு அவள் பிறக்கவே இல்லை!

இதனால் படம் மட்டம் என்று சொல்லிவிடாதீர்கள். எது உசத்தி என்பதல்ல நம் கேள்வி. ஏன் மாற்றினார்கள் என்பதே கேள்வி. ஒரு தாளில் மூன்று கட்டம் போடுங்கள்: கல்வெட்டு, நாவல், படம். ஆதித்த கரிகாலனைக் கொன்றவர்களில் ரவிதாசன் பெயரை உடையார்குடிக் கல்வெட்டு சொல்கிறது. கல்கியோ, குத்தியது யார் என்பதை மர்மமாகவே விட்டார். படம் என்ன செய்தது? மூன்றாம் கட்டத்தை நீங்களே நிரப்புங்கள்.

இது வெறும் தேர்வுக்கான பயிற்சி அன்று. பொன்னியின் செல்வனின் மகன் இராசேந்திரன்தான் 1025-இல் கடாரம் வரை கப்பற்படை அனுப்பியவன். கடாரம் என்பது நம் கெடா. நம் கரையைத் தொட்ட வரலாற்றை, வேறொருவர் வெட்டித் தொகுத்த அளவில் மட்டும் அறிந்தால் போதுமா?

பெற்றோர்களே! ஆறாம் ஆண்டு முடிந்து இடைநிலைப்பள்ளிக்குப் போனதும் பல பிள்ளைகளுக்குத் தமிழ் வாசிப்பு நின்றுவிடுகிறது. தமிழ்ப் படம் மட்டும் தொடர்கிறது. காதில் தமிழ் இருக்கும், கண்ணில் இருக்காது. ஆகவே படத்துக்கு அழைத்துப் போங்கள்; திரும்பி வரும்போது ஒரு புத்தகமும் வாங்கிக் கொடுங்கள். முதல் அத்தியாயத்தை நீங்களே வாய்விட்டுப் படித்துக் காட்டுங்கள். மிச்சத்தைப் பிள்ளை படித்துக்கொள்ளும்.

மாணவர்களே, பாருங்கள், படியுங்கள், ஒப்பிடுங்கள்! இன்று பரிசாகப் பெறும் புத்தகத்தை அலமாரியில் பூட்டி வைக்காதீர்கள்.