மெர்சரைஸ் துணியும் ஒற்றைச் சதவீதமும்

திருப்பூரில் ‘மெர்சரைஸ்டு’ என்றால் பளபளப்பு, வழவழப்பு, மீட்டருக்கோ கிலோவுக்கோ கூடுதல் விலை. ஆய்வகத்தில் அதே சொல்லுக்குப் பொருள் வேறு: பருத்தியிலுள்ள ‘செல்லுலோஸ் ஒன்று’ என்னும் படிக அமைப்பு ‘செல்லுலோஸ் இரண்டு’ ஆக மாறிவிட்டது என்பது. இரண்டையும் ஒன்றாகக் கருதி, எக்ஸ் கதிர்ச் சோதனையிலிருந்து ‘படிகத்தன்மை இத்தனை சதவீதம்’ என்று ஒரே எண்ணை எடுத்துத் துணியின் தரத்துக்குச் சான்றாக நீட்டுவது பிழை என்பது என் வாதம்.

இம்முறைக்குப் பெயர் தந்த ஜான் மெர்சர் 1844இல் கண்டது பளபளப்பை அல்ல. காஸ்டிக் சோடாவில் நனைந்த பருத்தி சுருங்கித் தடித்தது. சாயத்தை அதிகம் குடித்தது. 1890 வாக்கில் ஹோரஸ் லோ துணியைச் சுருங்கவிடாமல் இழுத்துப் பிடித்த பிறகே மினுமினுப்பு வந்தது. அவரை விதை போல் ஒடுங்கிய இழையின் குறுக்குவெட்டு உப்பி உருண்டையாகிறது, முறுக்கு அவிழ்கிறது, ஒளி சீராகத் திரும்புகிறது. இது வடிவத்தின் மாற்றம். உள்ளே படிகம் எவ்வளவு மாறியது என்பது தனிக் கணக்கு. இழுவிசையில் பழைய அமைப்பு ஓரளவு தப்பிவிடும். பின்னலாடையில் இது இன்னும் சிக்கல்: துணியை இழுத்தால் முதலில் நீள்வது வளையம்தான், இழை அல்ல.

தாமிரக் குழாயின் 1.54 ஆங்ஸ்ட்ராம் கதிரில் பருத்தி ஏறத்தாழ 14.8°, 16.6°, 22.7° சிதறல் கோணங்களில் முகடு காட்டும். முழுதும் மாறிய துணியில் அவை 12°, 20°, 22° அருகே அமையும். சதவீதம் தரும் முறை 1959இல் சீகல் குழுவினர் பருத்திக்கென வகுத்தது: 22.7° முகட்டின் உயரத்தையும் 18° பள்ளத்தின் உயரத்தையும் ஒப்பிடுவது. பள்ளத்தில் இருப்பதெல்லாம் ஒழுங்கற்ற பகுதி என்பது அதன் அனுமானம். மெர்சரைஸ் துணியில் 20° முகட்டின் சரிவு அந்தப் பள்ளத்துக்குள்ளேயே வந்து இறங்குகிறது. படிகத்தையே படிகமின்மையாக எண்ணிவிடுகிறோம். படிகத்தன்மை உண்மையில் சற்றுக் குறையத்தான் செய்கிறது. ஆனால் எண்ணின் வீழ்ச்சியில் எவ்வளவு உண்மை, எவ்வளவு சூத்திரத்தின் கோளாறு என்று அந்த எண்ணை மட்டும் வைத்துப் பிரிக்க வழியில்லை. பிறக்கும்போதே ‘செல்லுலோஸ் இரண்டு’ ஆன மோடல் இழை கலந்திருந்தால் குழப்பம் இரட்டிப்பு. மங்கல் ரக மோடலில் இருக்கும் டைட்டானியம் டையாக்சைடு வேறு 25.3° அருகே தலைகாட்டும்.

மாதிரி வைக்கும் விதமும் எண்ணை ஆட்டிவைக்கும். துணியைச் சதுரமாக வெட்டித் தட்டில் ஒட்டினால் இழைகள் எல்லாம் தட்டோடு படுத்திருக்கும். சங்கிலி நெடுக்கிலுள்ள ஒழுங்கைச் சொல்லும் 34.5° முகடு தேய்ந்துபோகும். அதே துணியைப் பொடியாக நறுக்கி அழுத்தி வைத்தால் அது எழும்பும். துணி ஒன்றே, வரைகோடு இரண்டு.

இழைகளை எக்ஸ் கதிரால் ஆராயும் துறையின் முன்னோடிகள் எண்ணைத் தேடவில்லை, கோலத்தைப் படித்தார்கள். இங்கிலாந்தின் லீட்ஸில் இயற்பியலாளர் ஆஸ்ட்பரி கம்பளி இழையை இழுத்து அதன் படம் மாறுவதைப் பார்த்தார். அவர் ஆய்வகத்தில்தான் 1938இல் ஃபுளோரன்ஸ் பெல் டிஎன்ஏ இழையில் அடுக்கு இடைவெளியை அளந்தார். சென்னையில் ஜி. என். ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் 1954இல் கொலாஜனின் முப்புரியைக் கண்டது கங்காரு வால் தசைநாணின் படத்திலிருந்து. ஜவுளியும் உயிர்மூலக்கூறும் ஒரே தறியில் நெய்யப்பட்ட துறை இது.

பேரியம் எண் போதாதா என்று சாயப்பட்டறையில் கேட்பார்கள். அன்றாடத்துக்குப் போதும்; மலிவும்கூட. மெர்சரைஸ் ஆகாத பருத்திக்கு 100 அருகே, நன்றாக ஆனதற்கு 150க்கு மேல். ஆனால் இழை பேரியம் ஹைட்ராக்சைடை எவ்வளவு உறிஞ்சியது என்பதைத்தான் அது சொல்லும், எந்தப் படிகம் எஞ்சியது என்பதை அல்ல. வாங்குபவருக்கும் பட்டறைக்கும் தகராறு வரும்போது எக்ஸ் கதிர் தேவைப்படுகிறது. அப்போது அறிக்கையில் சதவீதத்துக்குப் பதிலாக 10° முதல் 40° வரையிலான முழு வரைகோடும், மாதிரி நறுக்கியதா ஒட்டியதா என்ற குறிப்பும், அதே லாட்டின், மெர்சரைஸ் செய்யாத கிரே துணிக்கு எடுத்த வரைகோடும் இருக்கட்டும்.