மூன்றில் ஒரு விநாடி

அவிநாசியில் பனியன் மடித்துக் கொடுக்கும் வேலை. ரூபாய்க்கு மூன்று பீஸ் என்று கூலி பேசியிருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். கணக்குப்பிள்ளை ஒரு பீஸுக்கு 33 பைசா என்று எழுதிவிடுகிறார். நூறு பீஸ் வரை யாருக்கும் உறைக்காது. லட்சம் பீஸ் மடித்துவிட்டுப் பார்த்தால் 333 ரூபாய் துண்டு விழும். யாரும் திருடவில்லை. மூன்றில் ஒன்றைப் பைசாக் கணக்கில் முழுசாக எழுதவே முடியாது, அவ்வளவுதான்.

பி.காம். படித்த தோஷம், எனக்கு இந்தச் சில்லறை விவகாரங்களில் ஒரு மோகம் உண்டு. ஆனால், இதே சில்லறை 28 உயிர்களைக் காவு வாங்கியது என்று படித்தபோது ஆடித்தான் போனேன்.

1991. வளைகுடா யுத்தம். சதாம் உசேனின் ஸ்கட் ஏவுகணைகளை வானத்திலேயே நொறுக்க, சவூதியின் தஹ்ரானில் (ஈரானின் தெஹ்ரான் இல்லை, இது வேறு ஊர்) அமெரிக்கா பேட்ரியாட் ஏவுகணைகளை நிறுத்தியிருந்தது. அதன் ரேடார் ஒரு பொருளைப் பார்த்ததும், 'அடுத்து இங்கேதான் வரும்' என்று கம்ப்யூட்டர் கணக்குப் போட்டு வானத்தில் ஒரு சின்ன ஜன்னல் திறக்கும். ஜன்னலுக்குள் மறுபடி தென்பட்டால் எதிரி. தென்படாவிட்டால், ஏதோ பிரமை என்று விட்டுவிடும்.

கடிகாரம் எண்ணியது பத்தில் ஒரு விநாடிகளை. நமக்குப் பத்தில் ஒன்று சுலபம். பூஜ்யமும் ஒன்றும் மட்டுமே தெரிந்த கம்ப்யூட்டருக்கோ, அது நம்முடைய மூன்றில் ஒன்று மாதிரி முடிவில்லாமல் நீளும் எண். 24 இலக்கத்தோடு வெட்டிவிட்டார்கள். ஒவ்வொரு தடவையும் விடுபட்டது, விநாடியில் கோடியில் ஒரு பங்குக்கும் சற்றுக் குறைவு.

சில மணி நேரம் ஓட்டுவார்கள், நிறுத்துவார்கள், இடம் மாற்றுவார்கள் என்பதுதான் வடிவமைத்தவர்களின் நினைப்பு. தஹ்ரானிலோ ஒரு பிரிவு 100 மணி நேரத்துக்கும் மேலாக நிறுத்தாமல் ஓடிக்கொண்டிருந்தது. சேர்ந்த பிசகு 0.34 விநாடி. அதற்குள் ஸ்கட் அரை கிலோமீட்டருக்கு மேல் பறந்துவிடும்!

பிப்ரவரி 25, ராத்திரி எட்டரை மணி வாக்கில் ஸ்கட் வந்தது. ஜன்னல் வேறெங்கோ திறந்திருந்தது. பேட்ரியாட் சுடவே இல்லை. அல்கோபாரில் வீரர்கள் தங்கியிருந்த கிடங்கின் மேல் விழுந்தது. இறந்த 28 பேரில் 13 பேர், பென்சில்வேனியாவின் கிரீன்ஸ்பர்க்கைச் சேர்ந்த, தண்ணீர் சுத்திகரிக்கும் பிரிவினர். வந்து ஆறு நாள்தான் ஆகியிருந்தது.

கொடுமை என்ன தெரியுமா? பிழையை முன்பே கண்டுபிடித்துவிட்டார்கள். எட்டு மணி நேரம் ஓடினாலே ஜன்னல் 20 சதவிகிதம் நகர்கிறது என்று பிப்ரவரி 11-லேயே இஸ்ரேல் தகவல் கொடுத்திருந்தது. 16-ம் தேதி திருத்திய மென்பொருள் வெளியாகிவிட்டது. 21-ம் தேதி எல்லாப் பிரிவுகளுக்கும் ஓர் எச்சரிக்கை: 'மிக நீண்ட நேரம்' ஓட்டினால் பிசகு வரலாம். மிக நீண்ட என்றால் எத்தனை மணி? அதை மட்டும் எழுதவில்லை. நிறுத்தி மறுபடி போட்டால் கடிகாரம் பூஜ்யத்திலிருந்து தொடங்கும். ஒன்றரை நிமிஷ வேலை. இந்தத் தேதிகளை எல்லாம் துருவியெடுத்து 1992 பிப்ரவரியில் அறிக்கை கொடுத்தது, அமெரிக்க நாடாளுமன்றத்தின் தணிக்கை அலுவலகம். ஆடிட்டர்கள்!

இன்னொரு வயிற்றெரிச்சலும் பிற்பாடு தெரியவந்தது. நிரலில் நேரக் கணக்கை ஏற்கெனவே பாதி திருத்தியிருந்தார்கள். சில இடங்களில் புதுக் கணக்கு, சில இடங்களில் பழையது. எல்லா இடத்திலும் பழைய தப்பே இருந்திருந்தால், கழிக்கும்போது தப்பும் தப்பும் அடிபட்டுப் போயிருக்கும்.

திருத்திய மென்பொருள் தஹ்ரானுக்கு வந்து சேர்ந்த தேதி, பிப்ரவரி 26.