சமதளம் கேட்கும் பழைய தொழில்கள்: கேபிளும் தோலும்

1. கேபிள்காரர்களின் வழக்கு

கேபிள் நிறுவனங்களின் குறை பொய்யல்ல. 1995-ஆம் ஆண்டுக் கேபிள் சட்டம் தொடங்கி, தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் கட்டண ஆணை வரை அவர்களுக்கு விதிகள் ஏராளம். 2019-இல் நடைமுறைக்கு வந்த ஆணைப்படி, முதல் நூறு சேனல்களுக்கு வரி நீங்கலாக 130 ரூபாய்க்கு மேல் நெட்வொர்க் கட்டணம் வாங்கக்கூடாது என்றிருந்தது. ஆம்பூரில் ஒரு வீட்டுக்குச் செட்டாப் பாக்ஸ் மாட்டிக்கொடுத்த கேபிள்காரரும் அதற்குக் கட்டுப்பட்டிருந்தார். அதே வீட்டுக் கைப்பேசியில் இணையவழி ஓடிய ஓடிடிக்கு அந்த உச்சவரம்பு இருக்கவில்லை. ஸ்டார் சேனல்கள் ஹாட்ஸ்டார் ஓடிடியில் இலவசமாக வந்ததை எதிர்த்து, அகில இந்திய டிஜிட்டல் கேபிள் கூட்டமைப்பு 2023-இல் தொலைத்தொடர்புத் தகராறுகளுக்கான டிடிசாட் தீர்ப்பாயத்தை நாடியது.

2. தோல் வட்டாரத்தின் முன்னனுபவம்

விதியின் துணையை நாடுவது கேபிள்காரர்களோடு தொடங்கவில்லை. அரசின் விதியால் ஒரு தொழிலைத் தாங்கிப் பிடிப்பது வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை டேனரிகளுக்குப் பழகிய சங்கதி. பச்சைத்தோல் வெளிநாடு போய்விட்டால் இங்கே பதனிட என்ன மிஞ்சும் என்பதுதான் வாதம். 1919-இல் பச்சைத்தோல் ஏற்றுமதிக்கு 15 சதவீதத் தீர்வை வந்தது. பிரிட்டிஷ் பேரரசுக்குள் பதனிடப் போகும் தோலுக்கு அதில் மூன்றில் இரண்டு பங்கு தள்ளுபடி. 1923-இல் தீர்வை 5 சதவீதமானது. எழுபதுகளில் சீதாராமையா குழுவின் பரிந்துரையை ஒட்டி, பாதி பதனிட்ட தோலின் ஏற்றுமதிக்கும் கட்டுப்பாடு வந்தது.

இதனால் முழுமையாகப் பதனிட்ட தோலும் காலணியும் வளர்ந்தன என்பதை மறுக்க முடியாது. ஆனால் ஏற்றுமதி வாசலை அடைத்தால் உள்ளூரில் தோல் விலை இறங்கும். அந்த நட்டம் பச்சைத்தோல் விற்பவர் தலையில்தான் விடியும். தோலை முழுமையாகப் பதனிட இயந்திரம் வாங்க முடியாத சிறு டேனரிக்காரரும் மாட்டிக்கொள்கிறார். அவர் இறுதி மெருகு ஏறாத கிரஸ்ட் நிலையிலேயே தோலை விற்றாக வேண்டும். அதற்கும் 20 சதவீத ஏற்றுமதித் தீர்வை இருந்தது. 2025 பட்ஜெட்டில்தான், சிறு டேனரிகளைப் பெயர் சொல்லியே, அந்தத் தீர்வை நீக்கப்பட்டது.

3. ஏற்றுவதா, இறக்குவதா

சமதளத்துக்கு வழி இரண்டு: போட்டியாளர் முதுகில் சுமையை ஏற்றலாம், அல்லது தன் சுமையை இறக்கச் சொல்லலாம். முதலாவதைக் கேட்பதே பழைய நிறுவனங்களின் வாடிக்கை. தகவல்தொடர்புச் செயலிகளுக்கு எதிராகச் செல்போன் நிறுவனங்கள் எழுப்பிய ‘ஒரே சேவைக்கு ஒரே விதி’ முழக்கமும் அந்த வகைதான். ஆனால் அந்தச் செயலிகளுக்குத் தனி ஒழுங்குமுறை இப்போதைக்கு வேண்டாம் என்று 2020-இல் டிராய் சொன்னது.

இறக்கும் வழி அமைதியாகவே நடந்திருக்கிறது. டிடிஎச் உரிமக் கட்டணத்தை 3 சதவீதமாகக் குறைத்து, 2026-27 முடிவுக்குள் ஒழித்துவிடலாம் என்று டிராய் 2023-இல் பரிந்துரைத்தது. அந்த 130 ரூபாய் உச்சவரம்பும் 2024-இல் போய்விட்டது.

ஆபாசம், வயது வரம்பு ஆகியவை வேறு வழக்கு. ஓடிடிக்கு அவற்றுக்கான விதிகள் 2021 முதல் இருக்கின்றன. போதவில்லை என்றால் தனியாகத் திருத்தலாம்; கட்டணத் தகராறுக்குள் அவற்றை இழுத்து வருபவர்களின் கணக்கைச் சற்று ஐயத்தோடுதான் பார்க்க வேண்டும்.